முதல் புடவை அம்மாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய பட்டியலை நேற்று ராத்திரி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு நாளில் ஒன்பது கடை, சனிக்கிழமை தி.நகர், ஞாயிற்றுக்கிழமை சௌகார்பேட்டை, நடுவில் இரண்டு மால். எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினாள். அப்புறம் அடுப்படிக்குப் போகும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். முழங்கால் வலி கூடிவிட்டது. மாடிப்படியில் ஒருக்களித்துத்தான் இறங்குகிறாள். உன்னிடம் அவள் சொல்லமாட்டாள், அதனால் நான் எழுதுகிறேன்.

போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தம்பி கல்யாணத்துக்கு உன்னோடு சென்னைக்குப் போய் ஜவுளி எடுக்கவேண்டும் என்று ஆவணியில் நிச்சயம் முடிந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறாள், அவளுக்கு அதில் அவ்வளவு ஆசை. ஒன்பது கடையை மூன்றாக்கு, அதுதான் நான் கேட்பது.

முதலில் கூறைப்புடவையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு. பக்கத்தில் திருபுவனத்தை வைத்துக்கொண்டு அதற்குச் சென்னை எதற்கு? 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய பட்டு அது, டவுன் பஸ் ஏறினால் போய்விடலாம், சம்பந்தி வீட்டில் கேட்கிற அரக்கு நிறத்தில் நாலைந்து புடவையை நானும் அம்மாவும் பார்த்து வைக்கிறோம், நீ வீடியோவில் பார்த்துச் சொல். சௌகார்பேட்டையும் வேண்டாம் அம்மாடி. அங்கே மொத்த வியாபாரக் கடைகள் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் அடைத்திருக்கும், மற்ற நாளில் அந்தச் சந்துகளில் அவளால் நடக்க முடியாது.

சனி ஞாயிறை விட்டுவிட்டுச் செவ்வாய், புதன் லீவு கேட்டுப் பார். ஞாயிறு சாயங்காலம் ரங்கநாதன் தெருவில் நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே தள்ளிக்கொண்டு போய்விடும், அதில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. கார்த்திகை மழை வேறு. நாங்கள் உழவன் எக்ஸ்பிரஸில் வருவோம், அது விடியுமுன்னே கொண்டுபோய் விட்டுவிடும், கடை திறக்க ஒன்பது பத்து மணி ஆகும், அதனால் பாண்டி பஜார் பக்கம் லிஃப்ட் உள்ள லாட்ஜாகப் பார்த்து முந்தின ராத்திரியிலிருந்தே அறை போட்டுவிடு. காசு கூடப் போனாலும் பரவாயில்லை, அவள் இரண்டு மணி நேரம் காலை நீட்டிப் படுக்கட்டும். நீ விமானத்தில் இறங்கி மெட்ரோவில் நந்தனம் வந்தால் அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் 2023ல் ஆகாய நடைபாதை திறந்திருக்கிறார்கள், நல்ல வசதிதான், ஆனால் அரை கிலோமீட்டருக்கு மேல் நடக்கணும். அம்மாவுக்கு ஆட்டோதான்.

பட்டுப் பிரிவுக்குள் போனதும் முதல் வேலையாக அவளுக்கு ஒரு ஸ்டூல் கேள். அவளாகக் கேட்கமாட்டாள். எடுத்துப்போடுகிற பிள்ளை நின்றுகொண்டிருக்கிறானே என்று இவளும் எழுந்து நிற்பாள், நான் பலதடவை பார்த்திருக்கிறேன். 32 வருஷம் நான் அந்தப் பக்கம் நின்றவன். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போடவேண்டும் என்று இந்த மாநிலத்தில் சட்டம் வந்ததே 2021ல்தான், அதற்குள் நான் வேலையை விட்டுவிட்டேன். ராத்திரி நான் வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் வைத்து என் காலில் ஊற்றியவள் அவள், கடையில் நிற்கிறவர்களைப் பார்த்தால் அவளால் உட்கார முடியாது. அதனால் அந்தப் பிள்ளையிடமே சொல்லிவிடு, அம்மாவுக்குக் கால் வலி, தப்பாக எடுத்துக்கொள்ளாதே தம்பி என்று. என்ன நிறம், எவ்வளவு ரூபாய்க்குள் என்பதையும் உட்கார்ந்தவுடனே சொல்லிவிடு. கூச்சப்படாதே, அது அவனுக்கும் நல்லது, நாற்பது புடவையைப் பிரித்து மடிக்கிற வேலை மிச்சம்.

முதல் புடவை அம்மாவுக்கு. உனக்கோ சம்பந்தி வீட்டுக்கோ எடுக்க ஆரம்பித்தால் அவள் தனக்கு எடுக்கவே விடமாட்டாள், எனக்கு எதற்கு, பீரோவில் இருக்கிறதே என்பாள். அவள் வாயைப் பார்க்காதே, கையைப் பார். ஒரு புடவையின் முந்தானையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாகத் தேய்ப்பாள், அப்புறம் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்ப்பாள், ஒன்றும் சொல்லாமல் மடிப்புக் கலையாமல் மடித்து ஓரமாக வைப்பாள். அதுதான் அவளுக்குப் பிடித்த புடவை. அதை எடுத்து பில் போடச் சொல். எடை மட்டும் பார்த்துக்கொள், முகூர்த்தம் முடிந்து பந்தி முடிகிற வரைக்கும் மாப்பிள்ளையின் அம்மா நிற்கவேண்டும், கனமான ஜரிகை தோளை இழுக்கும்.

எதை எடுத்தாலும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்த்துவிட்டு முடிவு பண்ணு. 2009ல் கிரகப்பிரவேசத்துக்கு அங்கே ஒரு கடையில் எடுத்தோமே, விளக்கு வெளிச்சத்தில் மாம்பழ மஞ்சளாக இருந்தது, வீட்டுக்கு வந்து பிரித்தால் கடுகுச் சாந்து மாதிரி. நானே பக்கத்தில் இருந்தும் சரி என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கு வரைக்கும் அவள் அதை இரண்டு தடவைதான் கட்டியிருக்கிறாள். அப்புறம் கரையோரத்தைத் தடவிப் பார், தறியில் விரித்துப் பிடிக்கிற ஊசி குத்திய சின்னச் சின்னத் துளை இருந்தால் பெரும்பாலும் அது கைத்தறி. சுத்தப் பட்டு என்பதற்குச் சான்றான சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்றும் கேள்.

உன் ரிசப்ஷன் உடுப்பு, வளையல், செருப்பு எல்லாம் சாயங்காலம் பாண்டி பஜாரில் பார்த்துக்கொள். 2019ல் நடைபாதையை அகலமாக்கிப் பெஞ்ச் போட்டிருக்கிறார்கள், நாங்கள் இரண்டு பேரும் காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம், நீ அவசரமில்லாமல் சுற்றிவிட்டு வா. தம்பியின் ஷெர்வானிக்குப் புதன் காலை. மத்தியானம் எழும்பூர் பாந்தியன் சாலை கோ-ஆப்டெக்ஸில் மாமா சித்தப்பாக்களுக்கு வேட்டி எடுத்தால் அங்கேயே பக்கத்தில் ராத்திரி ரயில்.

உன் அளவு ஜாக்கெட் ஒன்று மறக்காமல் கொண்டு வா. ஆரி வேலை செய்கிறவரிடம் கார்த்திகைக்குள் துணியைக் கொடுத்தால்தான் தை முகூர்த்தத்துக்குக் கைக்கு வரும், மார்கழியில் போய்க் கேட்டால் முடியாது என்றுவிடுவார்.

லீவு கிடைத்ததா என்று நாளைக்கே சொல்லு. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, திறந்த அன்றைக்கே போட்டால்தான் அம்மாவுக்குக் கீழ் பெர்த் கிடைக்கும்.

அன்புடன்,
அப்பா