கட்டிங் கணக்கில் சொல்லுங்கள், டாக்டர்

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

எடை குறைப்பு ஆபரேஷன் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சர்க்கரை குறையும், குறட்டை நிற்கும், மூட்டு வலி போகும் என்று எழுதியிருந்ததெல்லாம் உண்மை, என் தம்பி விஷயத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் குடியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பி 132 கிலோ இருந்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் எடை குறைக்க இரைப்பை பைபாஸ் செய்தோம். அதற்கு முன் மாதம் ஒரு தடவை நண்பர்களோடு ஒரு குவார்ட்டர், அதோடு சரி. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருஷம் தொடவே இல்லை. அப்புறம் சித்தப்பா பெண் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி, மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் பின்னால் விழுந்து கிடந்தான். பரிமாறுகிற பையன்தான் ஓடி வந்து சொன்னான். செருப்பு ஒரு பக்கம், போன் ஒரு பக்கம், சட்டையெல்லாம் வாந்தி. சொந்தக்காரர்கள் முன்னால் அவனைத் திட்டாத திட்டில்லை. "ஒரு கட்டிங்தான்க்கா, சத்தியமா" என்று குழறினான், நாங்கள் யாருமே நம்பவில்லை. கூட இருந்தவர்கள் மறுநாள் சொன்ன பிறகுதான் அவன் சொன்னது நிஜம் என்று தெரிந்தது.

ஏன் அப்படி என்பதை அதற்கப்புறம்தான் தேடித் தேடிப் படித்தேன். நம் இரைப்பை சரக்கைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து மெதுவாகத்தான் குடலுக்கு விடும். பைபாஸில் முட்டை அளவுக்கு ஒரு சின்னப் பையை மட்டும் விட்டு, அதை நேராகச் சிறுகுடலில் இணைத்துவிடுகிறார்கள். குடித்தது நிற்க இடமில்லை, சில நிமிஷத்திலேயே ரத்தத்தில் ஏறிவிடுகிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பைபாஸ் செய்த பெண்களைச் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள்: இவர்கள் இரண்டு டிரிங்க் குடித்தால், ஆபரேஷன் செய்யாதவர்கள் நாலு குடித்த அளவுக்கு ரத்தத்தில் ஏறுகிறது. அவர்கள் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 14 கிராம் ஆல்கஹால். நம் டாஸ்மாக் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும், அப்படியென்றால் 90 மில்லி கட்டிங்கில் 30 கிராம் வருகிறது, கிட்டத்தட்ட இரண்டு டிரிங்க். கட்டிங் அடித்தவனுக்கு ஒரு முழு குவார்ட்டரின், அதாவது 180 மில்லியின் போதை. வண்டி ஓட்டச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான், 60 மில்லி லார்ஜ் ஒன்றே இவர்களுக்கு அதைத் தாண்டிவிடலாம்.

கல்யாணத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. முன்பெல்லாம் மனசு சரியில்லை என்றால் ஐந்து பரோட்டா சால்னாவோடு உள்ளே போகும். இப்போது ஒன்றரை இட்லிக்கு மேல் இறங்காது, ஆனால் தண்ணி மட்டும் தடையில்லாமல் இறங்குகிறது. சீக்கிரம் ஏறி, சீக்கிரம் இறங்கி, மறுபடியும் கேட்க வைக்கிறது. மாதம் ஒரு தடவை என்பது வாரமாகி, தினமும் ஆனது. இவன் மட்டும் இல்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தினர் பல வருஷம் பின்தொடர்ந்து 2017இல் சொன்னது, அதுவரை குடிப் பிரச்சினை இல்லாமல் பைபாஸ் செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஐந்து வருஷத்துக்குள் குடிநோய் அறிகுறி வந்திருக்கிறது. முதல் வருஷம் அமைதியாக இருக்கும், இரண்டாம் வருஷத்திலிருந்துதான் கூடுகிறது.

போன வருஷம் ஒருநாள் காலையில் காபி நீட்டினேன், டம்ளருக்குப் பக்கத்தில் வெறும் காற்றைப் பிடித்தான். இரண்டு டம்ளர் தெரிகிறதாம். எழுந்து நடந்தால் தள்ளாட்டம், அன்றைக்கு ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பி1 விட்டமின் சுத்தமாக வற்றிவிட்டது என்று சொல்லி ஊசி வழியாக ஏற்றினார்கள். ஆபரேஷனால் சாப்பாடும் குறைவு, வாந்தி வேறு, அதன் மேல் குடி, அப்புறம் எங்கே பி1 நிற்கும்? தாமதித்திருந்தால் ஞாபக சக்தியே போயிருக்கும் என்றார் அங்கிருந்த டாக்டர்.

ஆபரேஷன் செய்த இடத்தில் கொடுத்த டயட் பேப்பரை எடுத்துப் பார்த்தேன். சோடா வேண்டாம், மென்று சாப்பிடவும், இந்த இரண்டுக்கும் நடுவில் "மது தவிர்க்கவும்". அவ்வளவுதான். ஒவ்வொரு செக்கப்பிலும் எடை, இரும்புச்சத்து, பி12 எல்லாம் பார்த்தார்கள், குடிக்கிறாயா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஆபரேஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் அவன் சர்க்கரை எங்கே போயிருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. ஆனால் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால், மனைவியையோ அம்மாவையோ பக்கத்தில் உட்கார வைத்து, கட்டிங், குவார்ட்டர் என்று எங்களுக்குப் புரிகிற அளவிலேயே சொல்லுங்கள். இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷமும் விடாமல் கேளுங்கள். விசேஷத்துக்கு ஒன்று பரவாயில்லை என்று எந்த டாக்டரும் இவர்களிடம் சொல்ல வேண்டாம்.

தம்பி குடியை விட்டு ஏழு மாதம் ஆகிறது. அடுத்த வாரம் செக்கப். இந்த முறை நானும் உள்ளே போகிறேன், அவர்கள் கேட்காவிட்டால் நானே பேச்சை எடுப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சேலம்