ஆண்டறிக்கை: ஐந்து கேரவன்களும் சில பாறைகளும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் கேரவன் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களின் நம் சங்கத்தில் இப்போது 16 குடும்பங்கள். செயற்குழு நான்கு முறை கூடியது. அதில் ஒரு கூட்டம் பொங்கல் பந்தியிலேயே முடிந்துவிட்டது. மற்றபடி இந்த ஆண்டுக்கு அறிக்கை என்றால் செப்டம்பர் விடுமுறைப் பயணம்தான்.

ஐந்து வண்டிகள் கிளம்பின. முதலில் ஹைடன், சுமார் 340 கி.மீ. அங்குள்ள வேவ் ராக் 15 மீட்டர் உயரம், 110 மீட்டர் நீளம். உறைந்து நிற்கும் அலை மாதிரி. கருங்கல்லுக்கு வயது 250 கோடி ஆண்டுக்கும் மேல். அலை வடிவத்துக்குக் கடல் காரணமில்லை. பாறையின் அடிவாரம் ஒரு காலத்தில் மண்ணுக்குள் புதைந்திருந்தது. அந்த மண்ணின் ஈரம் கல்லை உள்ளேயே அரித்தது. பின்னர் மண் கரைந்து போக, குழிந்த பாகம் வெளியே தெரிந்தது. பிள்ளைகள் அதன் அடியில் சறுக்குவது போல நின்று எடுத்த படங்கள் வாட்ஸ்அப் குழுவை ஒரு வாரம் நிரப்பின.

எனக்குப் பிடித்தது அலைக்கு மேலே விளிம்போடு ஓடும் குட்டைச் சுவர். 1928-ல் கட்டியது. பாறைமேல் பெய்யும் மழை கீழே வழிந்து வீணாகாமல் அணைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். படத்தில் அதை எல்லோரும் வெட்டிவிடுகிறார்கள்! அதற்கும் வெகுகாலம் முன்பே இப்பகுதியின் பூர்வகுடிகளான நூங்கார் மக்கள் பாறைக் குழிகளில் தேங்கும் நீரை, கற்பலகையால் மூடிக் காத்தார்கள். அந்தக் குழிக்கு ‘நாமா’ என்று பெயர். நம் மலைச் சுனைகளின் சின்னத் தம்பி. பிள்ளைகளுக்கு அது உடனே ‘நம்ம குழி’ ஆகிவிட்டது.

அப்புறம் மெரிடன் ஊர் வழியாக வடக்கே பெரிங்பூடிங் பாறை. அங்கே பாறையைச் சுற்றிச் சுவர் எழுப்பி, 1937-ல் ஒரு தொட்டி கட்டியிருக்கிறார்கள். கொள்ளளவு சுமார் ஒரு கோடி லிட்டர். அதன் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தால், எங்கள் கேரவன் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சரளைச் சாலையின் குலுக்கலில் வடிகால் குழாய் தளர்ந்து, 80 லிட்டரும் வழியிலேயே போயிருக்கிறது. முந்தைய இரவு அதை முறுக்கிப் பார்க்காதது செயலாளராகிய நான்தான். அன்றிரவு எலாச்பட்டிங் பாறையடியில் நாலு வீட்டுத் தண்ணீரை இரவல் வாங்கி ரசம் வைத்தோம். பாத்திரம் கழுவ ஆளுக்கு ஒரு குவளைதான். காலையில் பல் தேய்க்கும்போது யாரும் குழாயைத் திறந்து விடவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

எனவே செயற்குழு முன்மொழிவது: இனிப் பயணம் வரும் ஒவ்வொரு வண்டியும் தனியாக 20 லிட்டர் கேன் ஒன்று கொண்டுவர வேண்டும், சரளைச் சாலையில் ஏறுமுன் டயர் காற்றைக் குறைக்கும்போதே தொட்டிக் குழாயையும் பார்த்துவிட வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இரவல் வாங்கிய தண்ணீர் அதில் சேரவில்லை.

செயலாளர்