அறுந்துபோன 36 நாள்

அன்புள்ள மகளுக்கு,

ஜப ஆப்பில் 36 நாள் விடாமல் வந்த கணக்கு ஓர் இரவு வேலையால் அறுந்து, மறுபடி பூஜ்யத்தில் நிற்கிறது என்று எழுதியிருந்தாய். அதன் பிறகு ஒரு வாரமாக உட்காரவே இல்லை என்பதைக் கடைசி வரியில் ஒளித்து வைத்திருந்தாய். ஒரு நாள் விட்டதைவிட எனக்கு இந்த ஒரு வாரம்தான் உறுத்தியது.

48 நாள் ஒரு மண்டலம் என்று சங்கல்பம் எடுத்திருந்தால் அது வேறு விஷயம். உபதேசம் செய்தவரைத்தான் கேட்க வேண்டும். நீ அப்படி எதுவும் எடுத்துக்கொள்ளவில்லையே. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைக் கவனித்து 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு செயல் பழக்கமாகப் படிய 18 நாளிலிருந்து 254 நாள் வரை, ஆளுக்கு ஒரு மாதிரி; நடுமதிப்பு 66. நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதகம் இல்லை என்றும் அதிலேயே இருக்கிறது. ஆப்புக்கு அது தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம்.

நானும் இதில் சறுக்கியவன்தான். விரலில் மோதிரம் போல மாட்டும் கவுண்டர் ஒன்றை வாங்கிய புதிதில், ஒரு நாளைக்கு ஆயிரத்தைத் தாண்டுவேன். உன் அம்மாவிடம் பெருமையாகக் காட்டவும் செய்தேன். ஒரு காலை 108 ஆனதும் பார்த்தால், கடைசி முப்பது நாற்பது முறை கட்டைவிரல் மட்டும்தான் ஜபித்திருக்கிறது. வாயும் மனசும் வேறெங்கோ. பழையபடி ஜப மாலைக்குத் திரும்பினேன். மணி உருளும்போது கை வேகம் கூட்டினால் உடனே தெரிந்துவிடுகிறது. மாலையின் தலைமணியான மேருவைத் தொட்டதும் தாண்டாமல் திருப்பவும் வேண்டும். பொத்தானில் அந்தத் தடை கிடையாது.

அதற்காகக் கைபேசியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. காலை ஆறரைக்கு அலாரம் அதில்தான் அடிக்கிறது. அலாரத்தை நிறுத்திய கையோடு ஃப்ளைட் மோடில் போட்டு, பத்து நிமிடத்துக்கு டைமர் வைத்துக் கவிழ்த்துவிடுவேன். பஞ்சாட்சரத்தை நிதானமாக 108 முறை சொல்ல எனக்கு ஆறேழு நிமிடம் ஆகிறது, மிச்சம் சும்மா இருக்க. ஒருமுறை ஃப்ளைட் மோட் போட மறந்து, பாதி மாலையில் ஒரு குறுஞ்செய்திக்குப் பதில் அனுப்பினேன். எந்த மணியில் விட்டேன் என்று இன்று வரை தெரியாது.

இரவு வேலை நாட்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களின் கணுக்களில் நகர்த்தினால் 12. அதுவே 9 சுற்று வந்தால் 108. மாலை, ஆப் எதுவும் வேண்டாம். பக்கத்தில் ஆள் இருந்தால் உதடு மட்டும் அசையட்டும், உபாம்சு என்பார்கள். அதுவும் முடியாவிட்டால் மனசுக்குள், மானசம். சத்தமாகச் சொல்லும் வாசிகத்தைவிட இவ்விரண்டையும் உயர்வாகத்தான் மனு ஸ்மிருதி வைக்கிறது. அதனால் குறைவாகச் செய்துவிட்டோம் என்று நினைக்காதே.

அப்புறம், விட்ட நாட்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லித் தீர்க்கப் பார்க்காதே. ஒரு நாளைக்கு ஒரு மாலை ஜபம் போதும். அந்த ஆப்பில் நாள் கணக்கை மறைக்க வழி இருக்கிறதா பார், இல்லையென்றால் நீக்கிவிடு.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. ஆறரைக்கு மட்டும் வேண்டாம், கிடைக்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா