பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். போனில் பேச வேண்டியதுதான், ஆனால் நீ எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலை பார்த்துக்கொண்டே பேசுகிறாய், மாப்பிள்ளையும் பக்கத்தில் இருப்பார், அதனால்தான் உன் ஆபீஸ் விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன். பயப்படாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. முன்பக்கத்துப் போர்ஷனுக்கு ஒரு டீச்சர் குடி வந்திருக்கிறாள், அட்வான்ஸும் கொடுத்துவிட்டாள். மற்ற சேதியெல்லாம் அப்புறம்.

அன்றைக்குப் பேச்சோடு பேச்சாக "பி.எஃப்.லேருந்து கொஞ்சம் எடுக்கலாம்னு இருக்கேன்மா" என்றாய். மாசா மாசம் உன் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கிற பணமாயிற்றே, எதற்கு என்று கேட்டதும் குக்கர் விசில் அடிக்கிறது என்று போனை வைத்துவிட்டாய். அதற்கப்புறம் எத்தனையோ தடவை பேசிவிட்டோம், அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. சித்தி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்தபோது உன் கையில் கண்ணாடி வளையல்தான் கிடந்தது. லாக்கரில் இருக்கிறது என்றாய். சரி என்று விட்டுவிட்டேன்.

நான் மாப்பிள்ளையைக் குறை சொல்லவில்லை. உழைக்கிற மனுஷன், கெட்ட பழக்கம் கிடையாது. சொந்தத் தொழில் என்றால் ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும். நான் சொல்வது உன் பணத்தைப் பற்றி மட்டும்.

அப்பா மில்லில் எத்தனை வருஷம் நைட் ஷிப்ட் பார்த்தார் என்று உனக்குத் தெரியும். ரிட்டயர் ஆனபோது மாசம் 1,640 ரூபாய் பென்ஷன் போட்டார்கள், கடைசி வரை அதே 1,640தான். கவர்மெண்ட் உத்தியோகம் என்றால் அகவிலைப்படி ஏறிக்கொண்டே போகும், பி.எஃப். பென்ஷனுக்கு அது கிடையாது. அரிசி ஏறியது, மாத்திரை ஏறியது, இது மட்டும் ஏறவில்லை. இப்போது எனக்கு அதில் பாதி வர வேண்டும். அது ஆயிரத்துக்கும் கீழே போவதால் குறைந்தபட்சம் என்று ஆயிரம் ரூபாய் போடுகிறார்கள். அந்த ஆயிரமும் 2014-ல் வைத்தது, இன்னும் மாற்றவில்லை. அதற்கு வருஷா வருஷம் ஆயுள் சான்று கொடுக்க வேண்டும். என் கைரேகை மிஷினில் விழவே மாட்டேன் என்கிறது, இ-சேவை மையத்துப் பெண் என் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்து, கடைசியில் போனில் முகத்தைக் காட்டச் சொல்லி முடித்துக் கொடுத்தாள்.

அப்படியும் நான் உன்னிடம் கை நீட்டாமல் இருக்கிறேன் என்றால், அப்பாவின் பி.எஃப். தொகையை உன் அத்தை முதல் பெரியப்பா வரை வந்து கேட்டும் கொடுக்காமல் சீனியர் சிட்டிசன் கணக்கில் போட வைத்தேனே, அதில் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை வருகிற வட்டியால்தான். அப்போது என்னைக் கல் நெஞ்சுக்காரி என்றார்கள். நீயும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாய்.

மாசா மாசம் கட்டுகிற போஸ்ட் ஆபீஸ் சேமிப்புக்கு, அதுதான் ஆர்.டி.க்கு, ஏஜென்டாக இத்தனை வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். கணக்கை முடித்துக் கொடுங்கள் அக்கா என்று வருகிறவர்கள் எல்லாம் பொம்பளைகள்தான், ஒருத்தியாவது தனக்கு வேண்டும் என்று வந்ததில்லை. மகனுக்கு பைக், கொழுந்தனுக்குக் கல்யாணம், வீட்டுக்காரருக்குக் கடை. மூன்று வருஷம் ஆகாமல் மூட முடியாது, மூடினாலும் சாதா சேமிப்புக் கணக்கு வட்டிதான் கிடைக்கும் என்று சொன்னாலும் கேட்க மாட்டார்கள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிக்குப் போகிற ஒருத்தி மட்டும், "அவர் வெளிய போனதுக்கப்புறம் வாங்கக்கா" என்பாள். ஆர்.டி. கார்டு அரிசி டப்பாவின் அடியில் இருக்கும், எடுத்துத் தட்டித்தான் தருவாள். ஐந்து வருஷம் முடிந்ததும் மறுபடி புதுக் கணக்கு, அது முடிந்ததும் இன்னொன்று. அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு. நீ எம்.சி.ஏ.

உன் பி.எஃப்.பில் எவ்வளவு இருக்கிறது என்று நீ சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஐந்து லட்சம் என்றே வைத்துக்கொள். வருஷத்துக்கு 8.25 சதவீத வட்டி இப்படியே நின்றால் ஒன்பது வருஷத்தில் இரட்டிப்பாகும். உனக்கு முப்பத்தாறு. நாற்பத்தைந்தில் பத்து லட்சம், ஐம்பத்து நான்கில் இருபது, ஐம்பத்தெட்டில் இருபத்தெட்டு லட்சத்துக்கு மேல். மாசா மாசம் புதிதாகச் சேர்வது இதில் இல்லை. இன்றைக்கு ஐந்தை எடுத்தால் நீ எடுப்பது அந்த இருபத்தெட்டை.

இன்னொன்று. கடன்காரன் கோர்ட்டுக்கே போனாலும் பி.எஃப். கணக்கில் இருக்கிற பணத்தை ஜப்தி செய்ய முடியாது, 1952-லேயே சட்டத்தில் எழுதி வைத்துவிட்டார்கள். போஸ்ட் ஆபீஸ் பி.பி.எஃப்.புக்கும் அப்படித்தான். ஆனால் நீயாக எடுத்துக் கொடுத்துவிட்டால் அதற்கு எந்தச் சட்டமும் கிடையாது. மாப்பிள்ளையின் கடை நன்றாக நடந்தால் சந்தோஷம். நடக்காவிட்டால் இந்த ஒரு பணம்தான் உங்கள் இரண்டு பேருக்கும் மிஞ்சும், அதற்காகத்தான் தொடாதே என்கிறேன், அவருக்குக் கொடுக்கக்கூடாது என்று இல்லை.

வேலையை விட்டுவிட்டு அவருடைய கணக்குவழக்கைப் பார்க்கப் போகிறேன் என்று சித்தியிடம் சொன்னாயாமே. என்னிடம் ஏன் சொல்லவில்லை? உன் சர்வீஸ் இன்னும் பத்து வருஷம் ஆகவில்லை. இப்போது விட்டு மொத்தத்தையும் முடித்துப் பென்ஷன் பங்கையும் வாங்கிவிட்டால், அத்தனை வருஷமும் பென்ஷனுக்குக் கணக்கில் வராது. பெரிய பென்ஷன் இல்லைதான். 15,000 சம்பளத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள், பத்து வருஷத்துக்கு மாசம் இரண்டாயிரத்துச் சொச்சம்தான் வரும். வரட்டுமே, உன் பேரில் வருகிறதே. ஆபீஸ் மருத்துவக் காப்பீடும் வேலையோடு போய்விடும், உனக்கு தைராய்டு வேறு இருக்கிறது.

முதல் சம்பளத்தில் எனக்குச் சேலை எடுக்காமல் போஸ்ட் ஆபீஸுக்கு வந்து உன் பேரிலேயே ஆர்.டி. போட்டாயே, அன்றைக்குக் கவுண்டரில் இருந்தவர்களிடம் எல்லாம் என் பெண் என்று சொன்னேன். அந்தப் புத்தி எங்கே போயிற்று? யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாது உனக்கு. சின்னதிலிருந்தே அப்படி.

வளையல் போனால் போகட்டும். அதைக் கேட்க மாட்டேன். பி.எஃப்.பைத் தொடாதே. ஏற்கெனவே எடுத்திருந்தால் மிச்சத்தையாவது தொடாதே, வேலையையும் விடாதே.

கடிதம் கிடைத்ததும் பி.எஃப். பாஸ்புக்கை டவுன்லோட் செய்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸிலிருந்து போன் பண்ணு, நான் வசூலுக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறேன். திட்ட மாட்டேன்.

அம்மா