தடித்த தகரம் காப்பாற்றாது

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வாரம் வாகனப் பக்கத்தில் வந்த பழைய கார்கள் பற்றிய கட்டுரையை வாசித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வொல்வோவைப் பற்றிச் சொன்ன இடத்தில், அந்தக் காலத்து கனத்த இரும்பு என்பதால்தான் அதில் போனவர்கள் விபத்தில் பிழைத்தார்கள் என்கிற மாதிரி ஒரு வரி வந்திருந்தது, அதை அப்படியே விட மனம் வரவில்லை. இங்கே இலங்கை மலையகத்தில் அட்டனிலோ தலவாக்கலையிலோ எந்தக் கராஜில் போய் நின்றாலும் இதே பேச்சுத்தான். போனட்டைத் தட்டிப் பார்ப்பார்கள், 'டங்' என்று சத்தம் வந்தால் நல்ல கார், விரல் பட்டு உள்ளே அமுங்கினால் தகர டப்பா. இந்தக் கணக்கு பிழையானது. மலை ரோட்டில் ஓடுகிறவர்கள் இதை நம்பிக் கார் வாங்குவது அதைவிட மோசம்.

என்னிடம் 1980களில் வந்த வொல்வோ 240 ஒன்று இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் பெரிய துரைக்கு, அதாவது மனேஜருக்கு, ஓடிய கார். அதை விற்க வந்தபோது டிரைவராக இருந்த என் சித்தப்பாவே வாங்கிக்கொண்டார், அவருக்குப் பிறகு என் கைக்கு வந்தது. ஆகவே புகழ்வதற்கும் திட்டுவதற்கும் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. (சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் வொல்வோ என்றதும் ஏ.சி. பஸ்ஸைத்தான் நினைத்தார்கள். 1999இல் கார் பகுதியை மட்டும் ஃபோர்டுக்கு விற்ற பிறகு பஸ், லொறி செய்கிற கம்பனி வேறு, கார் செய்கிற கம்பனி வேறு. 2010இல் ஃபோர்டிடமிருந்து அதைச் சீனாவின் ஜீலி வாங்கியது.)

சுவீடனின் கோதன்பர்க் நகரில் 1927 ஏப்ரல் 14ஆம் திகதி வொல்வோவின் முதல் கார் வெளியே வந்தது. அசார் கபிரியேல்சன் என்ற வியாபாரம் தெரிந்தவரும் குஸ்தாவ் லார்சன் என்ற பொறியியலாளரும் சேர்ந்து தொடங்கிய வேலை அது. அந்தக் குளிர் நாட்டுக்கு மேற்கூரை மடக்கித் திறக்கிற கார் ஒன்றைத்தான் முதலில் செய்தார்கள், அதுவும் தொழிற்சாலையிலிருந்து எடுக்கப்போய் கியரைப் போட்டபோது பின்னால் ஓடியதாம், பின் அச்சில் பல்சக்கரத்தை மாற்றிப் பூட்டியிருந்தார்களாம். கம்பனிக்காரர்களே சொல்லிச் சிரிக்கிற கதை. பாதுகாப்பு என்ற பெயர் பிறந்த அன்றே கிடைத்துவிடவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

1944இல் காட்டிய பிவி444 மாடலில், உடைந்தாலும் துண்டு துண்டாகச் சிதறி முகத்தில் அடிக்காத கண்ணாடியை முன்னால் வைத்தார்கள். 1966இல் வந்த 144தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் கட்டுரையாளர் சொன்ன 'இரும்பு' கதை உடைகிற இடம் அதுதான். அந்தக் காரின் முன்பக்கமும் பின்பக்கமும் மோதும்போது நசுங்க வேண்டும் என்றே திட்டமிட்டுச் செய்யப்பட்டவை. ஆட்கள் உட்காருகிற நடுப்பகுதி மட்டும் கூண்டு மாதிரி உறுதியாக நிற்கும். முன்பக்கம் மடங்க மடங்க மோதலின் வேகம் அதிலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிறது, கார் நிற்பதற்குக் கூடுதலாகச் சில அங்குலம் கிடைக்கிறது, அந்தச் சில அங்குலம்தான் நெஞ்செலும்புக்கும் மூளைக்கும் கிடைக்கிற சலுகை. முன்பக்கம் கொஞ்சமும் மடங்காத இரும்பாக இருந்தால் கார் பிழைத்துவிடும், அடி முழுவதும் உள்ளே இருக்கிற ஆளுக்கு வந்து சேரும்.

நம்பாதவர்களுக்கு ஒரு சாட்சி. 2009இல் அமெரிக்காவில் காப்புறுதிக் கம்பனிகள் நடத்துகிற பரிசோதனை நிலையம் 1959ஆம் ஆண்டு செவ்ரொலே பெல்ஏர் ஒன்றையும் 2009ஆம் ஆண்டு செவ்ரொலே மாலிபு ஒன்றையும் நேருக்கு நேர் மோதவிட்டது. பழையது கப்பல் மாதிரி இருக்கும் கார். மோதிய பிறகு அதன் டிரைவர் இடம் இருந்த இடமே தெரியவில்லை, ஸ்டியரிங்கும் டேஷ்போர்டும் பொம்மை மனிதனின் மேல் வந்து குவிந்துவிட்டன. புதிய காரில் முன்பக்கம் போய்விட்டது, உள்ளே இருந்த பொம்மைக்குக் காலில் ஒரு காயம் அளவுக்குத்தான் சேதம்.

சரி, என் காருக்கு வருகிறேன். 240 என்ற மாடல் 1974இலிருந்து 1993 வரை வந்தது, 28 இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள், பார்வைக்குப் பிஸ்கட் பெட்டிதான். ஆனால் மலை ரோட்டுக்கு இதைவிடத் தோதான பழைய கார் ஒன்றை நான் பார்த்ததில்லை. இவ்வளவு நீளமான கார் 9.8 மீற்றர் வட்டத்துக்குள் திரும்பிவிடும், இறம்பொடைக் கொண்டை ஊசி வளைவுகளில் சின்னக் கார்காரர்கள் ரிவர்ஸ் எடுக்கிற இடத்தில் இது ஒரே மூச்சில் போகும். நாலு சில்லுக்கும் டிஸ்க் பிரேக். பிரேக் எண்ணெய்க்கு இரண்டு தனித்தனி வழிகள், ஒவ்வொன்றும் இரண்டு முன் சில்லுகளையும் ஒரு பின் சில்லையும் பிடிக்கும். ஒன்று ஒழுகிப்போனாலும் பிரேக்கில் ஏறக்குறைய 80 வீதம் மிஞ்சும் என்பது கம்பனியின் கணக்கு. கினிகத்தேனை இறக்கத்தில் மழை நாளில் இந்த விஷயம் நினைவில் இருந்தாலே பாதி பயம் போய்விடும். (அதற்காக நியூட்ரலில் இறங்கிவிடாதீர்கள். எண்ணெய் மிச்சம் பிடிக்கிறேன் என்று அப்படி இறங்குகிறவர்களை இன்னும் பார்க்கிறேன்.)

திட்ட வேண்டியதையும் சொல்லிவிட வேண்டும். 1980இலிருந்து 1987 வரை வந்த 240களில் எஞ்சின் வயரிங்கின் மேலுறை சூட்டில் காய்ந்து பிஸ்கட் தூளாக உதிரும், அப்புறம் வயரும் வயரும் தொட்டுக்கொண்டு மழையிலும் பனியிலும் கார் காரணமே இல்லாமல் நிற்கும். என் காரிலும் அதுதான் நடந்தது, ஒவ்வொரு கராஜும் ஒவ்வொரு சாமானை மாற்றச் சொல்லிப் பில் போட்டது, கடைசியில் வயரிங்கைப் புதிதாக இழுத்தவர் லொறிகளுக்கு வயரிங் செய்கிற ஒரு பையன். கிலோமீற்றர் காட்டுகிற பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்து மீற்றர் அப்படியே நின்றுவிடும், ஆகவே விற்பனைக்கு வருகிற 240இல் எத்தனை கிலோமீற்றர் காட்டினாலும் நம்பக்கூடாது. ஹீட்டர் மோட்டாரை மாற்றுவதென்றால் டேஷ்போர்டையே பிரிக்க வேண்டும், முதலில் அந்த மோட்டாரை வைத்துவிட்டு அதைச் சுற்றித்தான் காரைக் கட்டினார்கள் என்று உலகம் முழுக்க 240காரர்கள் சொல்வார்கள். நுவரெலியாப் பனியில் முன் கண்ணாடி தெளிய அந்த ஹீட்டர் வேண்டும் என்பதால் இங்கே அது வெறும் ஆடம்பரமும் இல்லை. சாமான் கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிடைத்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் வெளிநாட்டில் இருக்கிற யாரையாவது பிடித்து வரவழைக்க வேண்டும். எஞ்சின் மட்டும் தங்கம். வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கிற டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வு வளையாது, புதுப் பெல்ட் போட்டால் ஓடும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் வொல்வோ எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் இர்வ் கோர்டன் என்ற பள்ளிக்கூட ஆசிரியர் இருந்தார், 1966இல் வாங்கிய பி1800 காரை 2013இல் 30 இலட்சம் மைல் தாண்ட வைத்தார், கின்னஸிலும் அவர் பெயர் ஏறியது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இன்றைய கணக்கில் என் 240 பாதுகாப்பான கார் கிடையாது. எயார்பேக் இல்லை, சடாரென்று பிரேக் பிடித்தால் சில்லு பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற ஏ.பி.எஸ். இல்லை. 1990களில் வொல்வோவே பக்கவாட்டு மோதலுக்கு எயார்பேக், பின்னாலிருந்து இடித்தால் கழுத்து ஒடியாத சீட் என்று எங்கேயோ போய்விட்டது, 2008இல் முன்னால் வாகனம் நின்றால் தானாகவே பிரேக் பிடிக்கிற ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. எயார்பேக்கும் ஏ.பி.எஸ்ஸும் ஒழுங்காக வேலை செய்கிற சின்ன ஜப்பான் கார் ஒன்று, போனட் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், என் காரைவிட மேல். ஆகவே கட்டுரையை வாசித்துவிட்டுப் பாதுகாப்புக்காக என்று பழைய வொல்வோ தேடி யாரும் அலைய வேண்டாம். ஆசைக்காக வாங்குங்கள், அது வேறு.

வொல்வோவிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது உங்கள் வீட்டு வாகனத்திலேயே ஏற்கெனவே இருக்கிறது. 1958இல் நில்ஸ் போலின் என்பவரை வொல்வோ வேலைக்கு எடுத்தது. அதற்கு முன் சாப் கம்பனியில், ஆபத்து வந்தால் விமானியைச் சீட்டோடு வெளியே தூக்கி எறிகிற ஏற்பாட்டில் வேலை செய்தவர். அதுவரை பெரும்பாலும் இருந்த சீட் பெல்ட் வயிற்றுக்குக் குறுக்கே கட்டுவது, பெரிய மோதலில் அதுவே குடலைக் கிழித்துவிடும். இவர் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டியும் இடுப்புக்குக் குறுக்கே ஒரு பட்டியும் இடுப்பின் ஓரத்தில் ஒரே இடத்தில் பூட்டிக்கொள்கிற மாதிரிச் செய்தார், ஒரு கையாலேயே மாட்டலாம். 1959இல் அது வொல்வோ கார்களில் வந்தது. காப்புரிமை கையில் இருந்தும், மற்றக் கம்பனிகளும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்துவிட்டார்கள். சுவீடனில் நடந்த 28,000 விபத்துகளை ஆராய்ந்து அந்தப் பெல்ட் என்ன செய்கிறது என்று 1967இல் காட்டினார்கள். இன்று உங்கள் ஆல்டோவிலும் வேனிலும் இருப்பது அவர் வரைந்த அதே பெல்ட்தான்.

அதை நாம் என்ன செய்கிறோம்? முன் சீட்டில் பொலிஸைக் கண்டால் இழுத்து மடியில் பிடித்துக்கொள்கிறோம். பின் சீட்டில் இருப்பதே பலருக்குத் தெரியாது, ஏனென்றால் சீட் கவருக்கு அடியில் போய்விட்டது. என் காருக்குக் கவர் தைத்த இடத்திலும் பின் பெல்ட்டின் பூட்டுகளை உள்ளே தள்ளி மேலே தைத்துத்தான் கொடுத்தார்கள், கேட்டால் குத்தும் என்றார்கள். மணிக்கு 50 கிலோமீற்றரில் மோதி நிற்பது ஏறக்குறைய 10 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அந்த வேகத்தில் பின் சீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற பெரிய ஆள் முன்னால் பெல்ட் போட்டிருக்கிறவரையும் நசுக்கிவிடுவார்.

நம் பக்கத்தில் இன்னொரு நியாயம் சொல்வார்கள், பள்ளத்தில் போனால் குதித்துத் தப்ப வேண்டாமா, பெல்ட் மாட்டியிருந்தால் எப்படிக் குதிப்பது என்று. தேயிலைச் சரிவில் உருளுகிற வாகனத்திலிருந்து யாரும் குதிப்பதில்லை, எறியப்படுகிறார்கள், பிறகு அதே வாகனம் அவர்கள் மேலேயே உருளுகிறது.

2023 ஜனவரியில் நானுஓயா ரதல்லயில் பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி ஏழு பேர் போனார்கள், 2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் போனார்கள். ஒவ்வொரு முறையும் டிரைவர் தூங்கினாரா, ரோடு சரியில்லையா என்று பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் உள்ளே இருந்தவர்களை எது பிடித்து வைத்திருந்தது என்று யாரும் கேட்பதில்லை. நம் சாதாரண பஸ்களில் பயணிக்குப் பெல்ட் என்ற பேச்சே கிடையாது. முன் சீட்டுக்குப் பெல்ட் 2011இல் கட்டாயமாக்கப்பட்டது. 2025 செப்டெம்பரில் அதிவேக நெடுஞ்சாலையில் போகிற எல்லோருக்கும் என்றார்கள். மலையகத்தில் அதிவேக நெடுஞ்சாலை எங்கே இருக்கிறது? பள்ளம் இருப்பது இங்கே, பின் சீட் சட்டம் பிறந்தது அங்கே.

பெல்ட் விஷயத்தில் மாகாண சபைக்கும் பொலிஸுக்கும் என் கோரிக்கை ஒன்றுதான், ஸ்கூல் வேன்களிலிருந்து தொடங்குங்கள். சில வேன்களில் சீட்டைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் நீளப் பலகை போட்டுப் பிள்ளைகளைக் குறுக்காக உட்கார வைக்கிறார்கள். அதில் பெல்ட் மாட்டினாலும் பயனில்லை, பலகையையே எடுக்க வேண்டும். முன்னால் பார்க்கிற சீட், ஒரு பிள்ளைக்கு ஒரு பெல்ட், வருடாந்தச் சோதனையில் அதைப் பார்த்த பிறகுதான் அனுமதி. வேன் வைத்திருக்கிறவர்கள் கட்டணம் கூடும் என்பார்கள், கூடத்தான் செய்யும். நாட்சம்பளத்தில் பிள்ளையை டவுன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற பெற்றோர் தலையில் அதைக் கட்டாமல், பலகையைச் சீட்டாக மாற்றுகிற செலவில் ஒரு பங்கை அரசாங்கம் ஏற்க வேண்டும்.

கடைசியாக, உங்கள் வாசகர்களில் டேஷ்போர்டை முழுசாகப் பிரிக்காமல் 240இன் ஹீட்டர் மோட்டாரை மாற்றிய கெட்டிக்காரர் யாராவது இருந்தால் தயவுசெய்து இந்தப் பகுதிக்கே எழுதட்டும். பின் சீட் பெல்ட் பூட்டு ஒரு சோடி யாரிடமாவது கழற்றி வைத்தது கிடந்தாலும் நான் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லிந்துலையிலிருந்து ஒரு வாசகன்