லெய்டன் வரை போய்விட்டு வந்தேன், திட்டாதே

சென்னை,
14-6-2024

அன்புள்ள சேகர்,

மூன்று வாரமாக நீ கூப்பிட்டு நான் எடுக்கவில்லை. ஆபீஸில் ஆடிட் என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டது பொய். போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே நீ கண்டுபிடித்துவிடுவாய், அப்புறம் என்னைப் பேசவே விடமாட்டாய். அதனால்தான் இந்த வயதில் பேப்பரும் பேனாவும். அம்மாவின் முட்டிவலி தேவலையா? தங்கச்சிக்கு டிரான்ஸ்ஃபர் கிடைத்துவிட்டதாக ரவி சொன்னான், சந்தோஷம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஹாலந்து போய்விட்டு வந்தேன். உன்னிடம் சொல்லாமல்.

பொறு, கிழித்துப் போட்டுவிடாதே. ஆபீஸில் ஜெர்மனிக்குப் பத்து நாள் அனுப்பினார்கள். திரும்பும் டிக்கெட்டை ஐந்து நாள் தள்ளிப் போட முடியும் என்று கடைசி வாரத்தில்தான் தெரிந்தது. டூசல்டார்ஃபில் பஸ் ஏறினேன், ஆம்ஸ்டர்டாமில் இறங்கினேன். முதுகில் ஒரு பை. அதில் இரண்டு பேன்ட், நாலு சட்டை, மருமகள் திணித்த புளிக்காய்ச்சல் பாட்டில். கையில் நானே போட்டுக்கொண்ட பட்ஜெட்: தூங்க, தின்ன, சுற்ற, எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு எண்பது யூரோ. ஏழாயிரம் ரூபாயை ஒரே நாளில் தொலைக்கிறவனுக்குச் சிக்கனம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று உன் அப்பா கேட்டிருப்பார். அங்கே அது பிச்சைக்காரன் பட்ஜெட், நம்பு.

ஆம்ஸ்டர்டாமில் படுக்கை விலையைப் பார்த்ததும் அங்கே தங்கும் ஆசை போய்விட்டது. நாடே சின்னது. எங்கேயாவது ஓர் ஊரில் பையைப் போட்டுவிட்டு, தினமும் காலையில் ரயில் ஏறி இரவு திரும்பிவிடலாம். ராட்டர்டாமில் தங்கினேன். அங்கே கனசதுர வீடுகள் என்று மஞ்சளாக, மூலையை ஊன்றிக் குப்புறச் சாய்ந்து நிற்கிற வீடுகள் இருக்கின்றனவே, பீட் ப்ளோம் என்பவர் கட்டியவை, அதில் ஒரு பகுதி டார்மிட்டரி விடுதி. சுவர் நேராகவே இல்லை. முதல் இரவே எழுந்து தண்ணீர் குடிக்கப் போய் நெற்றியில் இடித்துக்கொண்டேன். அடுக்குக் கட்டிலில் எனக்கு மேல் படுத்திருந்த பையனுக்கு வயது பத்தொன்பது இருக்கும். என்னை 'சார்' என்று கூப்பிட்டுக் கீழ்ப் படுக்கையை விட்டுக்கொடுத்தான். நமக்கு வயதாகிவிட்டது, சேகர்.

ரயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தத்கால் கிடையாது, வெயிட்டிங் லிஸ்ட் கிடையாது, உள்நாட்டு ரயிலில் சீட் நம்பரே கிடையாது. ஒரு மாதம் முன்னால் வாங்கினாலும் ஓடிவந்து ஏறினாலும் பெரும்பாலும் அதே காசு. டிக்கெட்டே வாங்க வேண்டாம். நம் பேங்க் கார்டைக் கேட்டில் தட்டினால் திறக்கிறது, இறங்கும் ஊரில் இன்னொரு தட்டு, தூரத்துக்கு ஏற்பக் காசு கழிந்துவிடும். ஆம்ஸ்டர்டாமிலிருந்து யூட்ரெக்ட் அரை மணி நேரம்கூட இல்லை, சுமார் ஒன்பது யூரோ. அந்தத் தடத்தில் பகலில் பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில். ஒன்றைத் தவறவிட்டேன் என்று பிளாட்பாரத்தில் தலையில் கைவைத்து நின்றால் பக்கத்தில் நிற்பவர் விநோதமாகப் பார்க்கிறார். காரைக்கால் பாசஞ்சருக்காகக் காத்திருந்து வளர்ந்தவனுக்கு இதெல்லாம் உறைக்க ரெண்டு நாளாயிற்று.

இப்போது சிரிக்கத் தயாராகு. இறங்கும்போது தட்ட மறந்துவிட்டேன். பெரிய ஸ்டேஷனில் கேட் இருக்கும், மறக்க முடியாது. காற்றாலை பார்க்கப் போன சின்ன ஸ்டேஷனில் வெறும் கம்பம்தான். காற்றில் கோகோ வாசனை வந்தது, பக்கத்தில் எங்கோ தொழிற்சாலை. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே, தட்டாமல் போய்விட்டேன். இருபது யூரோ போச்சு. திருவாரூரில் டி.டி.ஆர். நம் இருவரையும் இறக்கிவிட்டாரே, அன்று டிக்கெட் இல்லாததற்குக் கட்டியதைவிட, இன்று காசு கொடுத்துப் போனதற்குக் கட்டியது அதிகம். இணையத்தில் எழுதிக் கேட்டால் திருப்பித் தருவார்கள். எழுதினேன், தந்தார்கள். ஆனால் அதுவரை மூன்று வேளை சூப்பர்மார்க்கெட் ரொட்டியும் புளிக்காய்ச்சலும்தான். ரொட்டியில் தடவினால் நன்றாகத்தான் இருக்கிறது, முயற்சி செய்து பார்.

இன்னொரு அவமானம். ரயிலில் உட்கார்ந்து மாலதியிடம் போனில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்த பாட்டி ஒன்றும் சொல்லாமல் விரலால் ஜன்னலைக் காட்டினார். கண்ணாடி முழுக்க 'ஸ்டில்டே' என்று எழுதியிருக்கிறது. அமைதிப் பெட்டி. அங்கே இருமக்கூடத் தயங்குகிறார்கள். நீ வந்திருந்தால் அடுத்த ஸ்டேஷனிலேயே நாடு கடத்தியிருப்பார்கள்.

யூட்ரெக்டில் 112 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று தனியாக நிற்கிறது, தேவாலயம் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. நடுவில் இருந்த கூடம் 1674-ல் புயலில் விழுந்ததாம். அதை அவர்கள் திரும்பக் கட்டவே இல்லை, அந்த இடத்தில் இப்போது சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஸ்டேஷனுக்கு அடியில் 12,500 சைக்கிள் நிறுத்துமிடம். டெல்ஃப்ட் அழகு, ஆனால் ஒரு மழைக்கு ஒரு காபி குடித்து நாலு யூரோ தீர்ந்தது, அவ்வளவுதான். ஆம்ஸ்டர்டாமில் ஸ்டேஷனுக்குப் பின்னால் தண்ணீரைக் கடக்கும் படகு இலவசம். நாலு தடவை போய்வந்தேன். இலவசம் என்றால் விடுவேனா?

ஹேக் பற்றி மட்டும் விரிவாக. பால் க்ரூகர்லான் என்று ஒரு தெரு, புடவைக் கடையும் நகைக்கடையுமாக இருக்கிறது. 1873 முதல் கல்கத்தாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு சூரினாமுக்குக் கப்பல் ஏற்றப்பட்டவர்களின் வாரிசுகள், அங்கிருந்து 1975-ஐ ஒட்டி இங்கே வந்தவர்கள். ஒரு கடையில் 'பாரா' என்று எழுதியிருந்தது. வாங்கினால், டேய், வடை! உளுந்து மாவு, நடுவில் ஓட்டை, உள்ளே ஏதோ கீரை. சட்னியில் மட்டும் நம் மிளகாய் இல்லை, மூளைக்கு ஏறுகிற வேறு ஒரு மிளகாய். கடைக்கார அம்மா போஜ்புரிச் சாயலில் ஏதோ கேட்டார், நான் தமிழில் தலையாட்டினேன். இரண்டாவது பாராவுக்குக் காசு வாங்கவில்லை. அந்த ஐந்து நாளில் வயிறு நிறைந்த ஒரே மதியம் அது.

சரி. சுற்றி வளைத்தது போதும்.

நாலாம் நாள் லெய்டன். ஹேக்கிலிருந்து கால் மணி நேரம்தான், முந்தின இரவு படுக்கையில் மேப்பைப் பார்க்கும்போதுதான் தலையில் அடித்த மாதிரி நினைவு வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வருஷா வருஷம் நீ சொல்கிற அதே லெய்டன். ஆனைமங்கலம் செப்பேடு போய்ச் சேர்ந்த ஊர். ராஜராஜன் கொடுத்த ஊரை ராஜேந்திரன் செம்பில் வெட்டி உறுதி செய்தது, 21 ஏடு, 5 சமஸ்கிருதம், 16 தமிழ், சோழ முத்திரை போட்ட வளையம். குலோத்துங்கனுடையது தனியாக 3 ஏடு. சுமத்ரா பக்கத்து ஸ்ரீவிஜயத்து ராஜா நம் நாகப்பட்டினத்தில் கட்டிய பௌத்த விகாரைக்காக எழுதியது, நம் ஊரில் அந்த விகாரைக்கு ஒரு செங்கல்கூட இல்லை, மிச்சம் நின்ற கோபுரத்தையும் 1867-ல் இடித்தார்கள். எல்லாம் உன் குரலிலேயே ஓடியது. ஒப்பிக்கச் சொன்னால் ஒப்பிப்பேன்.

காலையில் முதல் ஆளாக, செப்பேட்டை வைத்திருந்த பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். கால்வாய் ஓரம், வெளியே நூற்றுக்கணக்கில் சைக்கிள். மேஜையில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். அரிய சேகரிப்பை இப்படி வந்து நின்றால் பார்க்க முடியாது, எது வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். என் ஊர் அது என்றேன். நாகப்பட்டினம் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன், தமிழில், எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, மன்னியுங்கள் என்று சொல்லி விண்ணப்பிக்கும் முறை அச்சிட்ட தாளைக் கொடுத்தார்.

வெளியே வந்து கால்வாய்ப் படியில் உட்கார்ந்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ரெண்டு வாரம் முன்னால் எழுதிப்போடு என்று சொல்லியிருப்பாய். திடீரென்று போட்டோவை அனுப்பி உன்னை மிரட்ட வேண்டும் என்றுதான் சொல்லவில்லை. நாற்பது மீட்டரோ ஐம்பது மீட்டரோ, எந்த மாடி என்றுகூடத் தெரியாது, செப்பேடு அந்தக் கட்டடத்தில் எங்கேயோ இருந்தது. எனக்கு நெஞ்சில் ஏதோ அடைத்தது. செப்பேட்டுக்காக மட்டும் இல்லை. முதல் படியிலிருந்தே நீ கூட வந்திருக்க வேண்டிய பயணம் அது, நான் கஞ்சத்தனமாகத் தனியாக எடுத்துக்கொண்டேன்.

அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் எடுக்கிறாயா இல்லையா? பத்து வருஷமாகப் போட்டோ எடுக்கணும், போட்டோ எடுக்கணும் என்கிறாய். விசாவுக்கு பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஒழுங்காக வை, ரவிக்குக் கடன் கொடுக்காதே. பந்தயத்தையும் அப்போது தீர்த்துக்கொள்ளலாம்: தரங்கம்பாடியில் இருந்தது டேனிஷ்காரன், நம் ஊரில் 1658-லிருந்து இருந்தவன்தான் டச்சுக்காரன். நான் சொன்னதுதான் சரி. நூறு ரூபாய்.

உன் தம்பியிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உள்ளே வட்டமாக, அப்பளம் மாதிரி வாஃபிள், நடுவில் பாகு. அப்படியே கடிக்காதே. சூடான டீ டம்ளர் மேல் மூடி போல வை, ரெண்டு நிமிடத்தில் பாகு இளகும். அம்மாவுக்குப் பாதி போதும். அவருக்குச் சர்க்கரை இருக்கிறதென்று மீதி முழுசையும் நீயே தின்றுவிடாதே, தங்கச்சி கையில் கொடுத்துவிடு.

உன்,
கண்ணன்