வெளிநாட்டுப் படிப்பு: சலுகைக் காலத்திலும் வட்டி ஓடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்வு முடிவுகள் வரும் காலத்தில் மதுரையில் காளவாசல் முதல் கே.கே. நகர் வரை வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிலையங்களின் பிளக்ஸ்கள் முளைத்துவிடுகின்றன. படித்து முடித்து, வேலை கிடைத்த பிறகு கடனைக் கட்டினால் போதும் என்பதுதான் அவற்றின் முதன்மைக் கவர்ச்சி. அந்தச் சொல்லில் பாதி உண்மைதான் இருக்கிறது.

படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் சலுகைக் காலம், அதுவரை தவணை கட்ட வேண்டியதில்லை என்பது சரி. ஆனால் வங்கி பணம் கொடுத்த நாளிலிருந்தே வட்டி ஏறத் தொடங்கிவிடும். இரண்டாண்டு முதுநிலைப் படிப்புக்கு 30 லட்சம் கடன், வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதலாண்டு 15 லட்சம், இரண்டாம் ஆண்டு 15 லட்சம் என்று பணம் போகிறது. தவணை தொடங்கும் நாளில் தனிவட்டி மட்டும் 7 லட்சத்து 87 ஆயிரம் சேர்ந்திருக்கும். அது அசலோடு சேர, கடன் ஏறக்குறைய 37.9 லட்சம். 10 ஆண்டில் அடைக்க மாதம் 51,100 ரூபாய். வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டி வந்திருந்தால் 40,500 ரூபாய்தான். தவணையை 15 ஆண்டாக நீட்டினால் மாதம் 41,900 ஆகக் குறையும். மொத்தமாகக் கட்டுவதோ 61 லட்சத்திலிருந்து 75 லட்சத்துக்கு ஏறிவிடும். அங்கே வேலை கிடைத்தால் இது பெரிய தொகையல்ல. ஊர் திரும்பி முப்பது, நாற்பதாயிரம் சம்பளத்தில் சேரும் பிள்ளைக்கு இது கட்டவே முடியாத தொகை.

அடுத்த சிக்கல் பிணை. பொதுவாக ஏழரை லட்சத்துக்கு மேல் பொதுத்துறை வங்கிகள் சொத்துப் பிணை கேட்கும். வெளிநாட்டுப் படிப்பென்றால் செலவில் 15 சதவீதம் குடும்பம் கைப்பணம் போட வேண்டும். உசிலம்பட்டி, மேலூர் பக்கத்திலிருந்து வரும் விண்ணப்பங்கள் மாட்டிக்கொள்வது மதிப்பெண்ணில் அல்ல, பத்திரத்தில். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். பாகப்பிரிவினை வாய்மொழியாகவே நடந்திருக்கும். மனைக்கு அங்கீகாரம் இருக்காது. மூலப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, வழக்கறிஞர் கருத்து எல்லாம் சேர்வதற்குள் பல்கலைக்கழகம் முன்பணத்துக்குக் கொடுத்த கெடு முடிந்துவிடும். அந்த நெருக்கடியில்தான் குடும்பங்கள் வட்டி கூடிய தனியார் நிதி நிறுவனங்களுக்குப் போகின்றன. ஆஃபர் லெட்டர் கைக்கு வருவதற்கு ஆறு மாதம் முன்பே பத்திரத்தைச் சரிசெய்யத் தொடங்கினால் இதைத் தவிர்க்கலாம்.

இதைவிட மோசமானது 'இருப்புக் காட்டுவது'. பிரிட்டன் விசாவுக்கு மீதிக் கட்டணமும், படிப்பு 9 மாதத்துக்கு மேல் என்றால் 9 மாத வாழ்க்கைச் செலவும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் நிராகரிப்புத்தான். சில முகவர்கள் அந்தத் தொகையைக் கைமாற்றாகக் கணக்கில் போட்டு, வட்டியோடு திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். விசா வந்துவிடும், பிள்ளை விமானம் ஏறும்போது கையில் முதல் மாத வாடகைக்கே பணம் இருக்காது. கனடா 2025 செப்டம்பர் முதல் தனி மாணவருக்கு 22,895 கனடிய டாலர் கேட்கிறது. ஜெர்மனி முடக்குக் கணக்கில், அதாவது மாதாமாதம் ஓரளவுதான் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், ஆண்டுக்கு 11,904 யூரோ கேட்கிறது. அது மாதம் 992 யூரோவாக மாணவர் கைக்கே திரும்பி வரும். போன இடத்தில் பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது என்று வைத்த விதிகள் இவை.

வங்கி ஒப்புதல் ரூபாயில், கட்டணமோ அமெரிக்க டாலர் போன்ற வெளிநாட்டுப் பணத்தில். 2021-இல் 74 ரூபாய் அளவில் இருந்த அமெரிக்க டாலர் 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. 25,000 டாலர் கட்டணம் பதினெட்டரை லட்சத்திலிருந்து இருபத்திரண்டரை லட்சமாகியது. இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்குப் பணம் பற்றாமல் நகையை அடகு வைப்பது இதனால்தான். கடன் தொகையைக் கணக்கிடும்போதே 10 சதவீதமாவது கூட்டி வைக்க வேண்டும்.

நம் பிள்ளைகளை ஏன் இவ்வளவு ஆவலோடு அழைக்கிறார்கள்? இங்கிலாந்தில் உள்நாட்டு இளநிலை மாணவரின் கட்டண உச்சவரம்பு 2017 முதல் 2025 வரை 9,250 பவுண்டிலேயே நின்றது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2019-இல் உள்நாட்டுக் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்து, பிறகு உறையவைத்தது. அந்தப் பள்ளத்தை நிரப்பியது வெளிநாட்டு மாணவர் கட்டணம். வீட்டு வாடகை ஏறி உள்ளூரில் முணுமுணுப்பு எழுந்ததும் அதே அரசுகள் கதவை ஒருக்களித்துச் சாத்தின. 2024 ஜனவரியில் கனடா புதிய அனுமதிகளுக்கு உச்சவரம்பு வைத்தது. அதே மாதம் பிரிட்டன், ஆய்வு சார்ந்த படிப்புகள் தவிர மற்ற முதுநிலை மாணவர்கள் குடும்பத்தை அழைத்துவருவதை நிறுத்தியது. ஆஸ்திரேலியா விசாக் கட்டணத்தை ஓராண்டு இடைவெளியில் 710 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 1,600 ஆகவும், பிறகு 2,000 ஆகவும் ஏற்றியது. விதி மாறுகிற வேகத்துக்கு நம் 10 ஆண்டுத் தவணை ஈடுகொடுக்காது.

ஆலோசனை இலவசம் என்பார்கள். முகவருக்குப் படியளப்பது பல்கலைக்கழகம். முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கு கமிஷன். கட்டணம் கூடினால் கமிஷனும் கூடும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. கட்டணம் இல்லாத இடத்தில் கமிஷன் ஏது? பிளக்ஸில் அவற்றின் பெயர் அரிதாகத்தான் வரும்.

மதுரையில் மக்களவை உறுப்பினரும் மாவட்ட நிர்வாகமும் நடத்திவரும் கல்விக் கடன் முகாம்கள் நல்ல முன்மாதிரி. அவற்றில் வெளிநாட்டுப் படிப்புக்குத் தனி மேசை போட வேண்டும். ஒப்புதலுக்கு முன், சலுகைக் காலம் முடியும் நாளில் நிற்கப்போகும் மொத்தக் கடனையும் மாதத் தவணையையும் தமிழில் எழுதி, பெற்றோர் கையெழுத்து வாங்க வேண்டும். முகவர் வழியாகப் போகிறவர் என்றால் கமிஷன் எவ்வளவு என்ற கடிதத்தையும் கேட்க வேண்டும். 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் பதிவு செய்ய வேண்டியவர்கள் வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்கள்தான். படிப்புக்கு அனுப்புகிறவர்கள் அதில் வரமாட்டார்கள். பஞ்சாபில் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இத்தகைய ஆலோசனை நிலையங்களும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்கான பயிற்சி நிலையங்களும் உரிமம் பெற வேண்டும். அப்படியொரு உரிமம் இங்கும் கட்டாயமாக வேண்டும். உரிம எண்ணைப் பிளக்ஸிலேயே போட வேண்டும்.

இப்படிக்கு,
கல்விக் கடன் பிரிவில் பணியாற்றிய ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள்,
மதுரை.